பிறந்தவளும் வந்தவளும்

சிப்பிவிளையில் முத்துமாலை இரண்டு பேரானது ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்துச் சத்துணவு வரிசையில்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் அன்றைக்கு ஒரு முட்டை குறைந்தது. சமையல் செய்யும் சந்தனமாரி நாற்பத்தொரு முட்டையை அவித்து உரித்து, நாற்பத்தொரு பிள்ளைகளின் தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவள், கடைசிப் பிள்ளையின் முன்னால் நின்று சட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள், ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி, தலைகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு. வேப்பமரத்தடியில் முத்துமாலை தட்டோடு நிற்க, அவள் தோளை ஒட்டி, அதே முகமும் அதே வெயில் கறுப்புமாக இன்னொரு முத்துமாலை, தட்டில்லாமல், முட்டையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். ஆளுக்கு ஒரு சடையில்தான் ரிப்பன் இருந்தது. ஆளுக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. சீருடைத் துணி இருவர் மேலும் நூறு முறை துவைத்ததுபோல் நைந்து, வெளிச்சம் ஊடுருவியது.

"எந்த ஊர்ப் பிள்ளை தாயி நீ?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"நான் முத்துமாலை."

"நானும் முத்துமாலைதான்," என்றாள் தட்டு வைத்திருந்தவள், அதே குரலில்.

சந்தனமாரி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முட்டை கிடைக்காத பிள்ளைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுவிட்டு, உப்பளத்துக்கு ஆள் அனுப்பினாள்.

முத்துமாலையின் அம்மா இசக்கியம்மாள் அப்போது பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அந்த வேலை. பாதம் இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, ஏறிய உப்பு எரிவதும் நின்றுபோன கால்கள். அந்தக் கால்களோடு ஓடிவந்தவள், பள்ளிக்கூட வாசலில் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "எம்மா" என்று கூப்பிட்டதும், கூப்பிட்ட இரண்டு குரலுக்கும் வயிற்றுக்குள் ஒரே இடத்தில் இழுத்ததும், இரண்டும் தன் பிள்ளைதான் என்று தெரிந்துகொண்டாள். ஒருத்தியைத் தூக்கிப் பார்த்தாள். இறக்கிவிட்டு மற்றவளைத் தூக்கிப் பார்த்தாள். ஒருத்தியிடமும் ஒரு குடம் தண்ணீரின் கனத்துக்கு மேல் இல்லை. அவளுக்குப் பயம் வந்தது இரண்டு பேர் நின்றதைப் பார்த்து அல்ல, அந்தக் கனத்தைப் பார்த்துத்தான்.

கிராம நர்ஸ் ஜெபக்கனி தராசைக் கொண்டுவந்து நிறுத்தினாள். போன மாதம் முத்துமாலை இருபத்து நாலு கிலோ. இப்போது ஆளுக்குப் பன்னிரண்டு. உயரம் குறையவில்லை, நிழல்கூட ஒரே நீளம்தான். கடற்காற்று பலமாக அடித்தால் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யாரும் வரிசையில் நிற்க மாட்டேனென்றார்கள். தூங்கும்போது தானும் இரண்டாகிவிட்டால், இரண்டாகி எழுந்தால், பாய் யாருக்கு, அம்மா யாருக்கு என்று அழுதார்கள். தன் தோளைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் தவசி வேறு வழி தெரியாமல் ஜெபக்கனியைக் கூப்பிட்டார். அவள் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். உப்பளத்துக்குப் போகிற வழியில் இசக்கியம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"பிள்ளைகளா, ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு விதம்," என்றாள் ஜெபக்கனி. "அம்மா வயித்துக்குள்ள மாசத்துக்கு ஒரு முட்டை வரும். கோழிமுட்டை மாதிரி இல்ல. ஊசி முனையால ஒரு புள்ளி வச்சா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். அப்பாகிட்ட இருந்து வர்ற உயிரணு ஒண்ணு அதுல சேர்ந்தா ஒரு பிள்ளை. சில மாசம் ரெண்டு முட்டை வந்துரும். ரெண்டுலயும் உயிரணு சேர்ந்தா ரெண்டு பிள்ளை. அது அக்கா தங்கச்சி மாதிரி, அண்ணன் தங்கச்சி மாதிரி. ஒரே வீட்டுல ஒரே நேரத்துல குடியிருந்தாங்க, அவ்வளவுதான். முகம் வேற, குணம் வேற."

"இவளுக மாதிரி?" என்றது ஒரு பிள்ளை.

"அது ரெண்டாவது விதம். ஒரே முட்டை. அது ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். ஆனா ஆரம்பத்துல மொத்தமாப் பெரிசாகாது. இருக்கிற மாவையே பிட்டுப் பிட்டு உருட்டுற மாதிரி. எல்லாருக்கும் அப்படித்தான், உனக்கும் எனக்கும். எப்பவாவது அந்த உருண்டைகள் ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு தனித்தனியாப் போயிரும். ரெண்டு கூட்டமும் முழுப் பிள்ளையா வளரும். அதான் அச்சுல வார்த்த மாதிரி இருக்காங்க."

"எப்பப் பிரியும் சிஸ்டர்?"

"முதல் ரெண்டு வாரத்துக்குள்ள. அதைத் தாண்டிட்டா பிரியாது. நீங்க எல்லாரும் தாண்டியாச்சு." தபால் பிந்தி வந்ததைச் சொல்வதுபோல, "முத்துமாலைக்குப் பத்து வருஷம் பிந்திருச்சு," என்றாள்.

"இதுல எது அசல், எது நகல்?"

ஜெபக்கனி வட்டத்தை அழித்தாள். அதே இடத்தில் இரண்டு சின்ன வட்டம் போட்டாள். "அந்தப் பழைய வட்டம் இப்ப எங்க இருக்கு, காட்டு. இல்லைல்லா? அசலுன்னு ஒண்ணு தனியா உக்காந்திருந்தாத்தானே நகலுன்னு ஒண்ணு இருக்கும். ரெண்டு பேரும் அதே முட்டைதான். ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே அம்மாவுக்குப் பிறந்தவங்கதான்."

பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கே வரிசையில் நின்றார்கள், இரண்டு முத்துமாலைகளையும் நொண்டி விளையாட்டுக்கு எதிரெதிர்க் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பெரியவர்கள் யாரும் அந்த வகுப்பில் இல்லை. இருந்த ஒருத்தியும் ஜன்னலுக்கு வெளியே இருந்தாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படித்தான்: முதல் வாரம் ஆளுக்கொரு பண்டத்தோடு வந்து பார்த்துப் போனார்கள், இரண்டாம் வாரம் கடைக்காரர் ஒரு மிட்டாயை இரண்டாக உடைத்துக் கொடுத்தார், மூன்றாம் வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நாலாம் வாரம் இதை இப்படியே விட முடியாது என்று பேச ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே ஒரு கட்டம்தான் இருந்தது. ரேஷன் கார்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. தாலுகா ஆபீஸில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சிப்பிவிளையில் யாரும் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பிறப்பு என்று சொல்லத் தயாராக இல்லை.

அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மச்சம் பார்த்தார்கள், இருவருக்கும் இடது காதுக்குக் கீழேதான். மூன்று வயதில் எங்கே விழுந்தாய் என்று கேட்டார்கள். இருவரும் ஒரே கல்லைக் காட்டினார்கள். சாமியாடி திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, அம்மன் ஒன்றும் சொல்லவில்லை என்று திரும்பிவிட்டார். கடைசியில் முத்துமாலையின் அப்பா பலவேசம்தான் அதைச் சொன்னான். உப்பு மூட்டை ஏற்றுகிறவன், அதிகம் பேசாதவன், ஒரு காரியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று நினைக்கிறவன்.

"தட்டு யார் கையில இருந்துச்சோ அவதான் பிறந்தவ. மத்தவ வந்தவ."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. தட்டு வைத்திருந்தவளுக்கு முத்து என்றும், வந்தவளுக்கு மாலை என்றும், இருந்த பெயரையே பிட்டுக் கொடுத்தார்கள். அடையாளம் மாறிவிடக் கூடாதென்று மாலையின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். முத்து பள்ளிக்கூடம் போனாள். மாலை அளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, யாரும் வையவில்லை. "வந்த பிள்ளை, கொஞ்சம் தண்ணி குடு" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள்.

கூட்டத்தில் இசக்கியம்மாள் வாய் திறக்கவில்லை. ஜன்னலில் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அழிந்த வட்டமும் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஊரே ஒரு முடிவுக்கு வந்து அப்பாடா என்று நிற்கும்போது அதைக் கலைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ரெண்டு அரைப்பிள்ளைய வச்சு என்னட்டி செய்ய?" என்றான் பலவேசம் அன்றைக்குச் சாப்பிடும்போது. "ஒண்ணாவது முழுசாத் தேறட்டும்."

இசக்கியம்மாள் பரிமாறிக்கொண்டிருந்தாள். குழம்புச் சட்டிக்குள் போன அகப்பை மீன் துண்டோடு முத்துவின் தட்டுக்குப் போனது, அடுத்த தடவை வெறும் குழம்போடு மாலையின் தட்டுக்குப் போனது, போவது தன் கைதான் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாலை அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அந்தக் கைக்கு அது பழகிவிட்டது.

ஆடியில் ஜெபக்கனி எடை பார்த்தபோது முத்து பதினாலு, மாலை பத்து. ஆவணியில் முத்து பதினாறு, மாலை எட்டு. கூட்டினால் இருபத்து நாலு. அது மட்டும் மாறவில்லை. மனசு கேட்காமல் இசக்கியம்மாள் ஒருநாள் அளத்துக் கொட்டகையில் மாலைக்கு ரகசியமாக இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். மாலை தோலைக்கூடச் சுரண்டித் தின்றாள். ஆனால் அன்றைக்குச் சாயந்தரம் கன்னம் மினுமினுத்தது வீட்டில் இருந்த முத்துவுக்குத்தான். ஊருக்கு இது திருப்தியாக இருந்தது. "தேறி வாறா" என்றார்கள் முத்துவை. "குறைஞ்சுக்கிட்டே இருக்கா" என்றார்கள் மாலையை, கடலில் தண்ணீர் வற்றுவதைச் சொல்வதுபோல, கோபமோ வருத்தமோ இல்லாமல். இன்னும் நாலைந்து மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மரியாதையோடு காத்திருந்தார்கள்.

ஆனால் முத்துவுக்குப் பள்ளிக்கூடப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பாதம் வீங்கியது, அழுத்தினால் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது. ஜெபக்கனி அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு இசக்கியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒரே முட்டையில பிரிஞ்ச பிள்ளைங்க வயித்துக்குள்ள பல நேரம் ஒரே நச்சுக்கொடியைத்தான் பங்கு போட்டுக்கும். அந்தக் கொடிக்குள்ள ரெண்டு பேரோட ரத்தக்குழாயும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துரும். சில சமயம் ஒருத்திகிட்ட இருந்து மத்தவளுக்கே போய்க்கிட்டிருக்கும், திரும்பி வராது. குடுக்கிறவ வத்திப் போவா."

"வாங்குறவ?"

"வாங்குறவ நல்லா இருப்பான்னுதானே எல்லாரும் நினைக்கீங்க. அவளுக்கும் இருக்கிறது ஒரு நெஞ்சுதான இசக்கி. ரெண்டு பேர் ரத்தத்தை அது எவ்வளவு நாளைக்கு இறைக்கும்? விட்டா ரெண்டு பேரும் போயிருவாங்க."

"என்ன செய்யணும் சிஸ்டர்?"

"வயித்துக்குள்ளன்னா டாக்டருங்க நடுவுல ஓடுற குழாயைச் சுட்டு அடைப்பாங்க. இங்க கொடி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலயே."

இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தாள். அரிவாள்மனையில் மாலையின் கறுப்புக் கயிற்றை அறுத்தாள். ஒரு தாம்பாளத்தை எடுத்து அதில் சோற்றைக் கொட்டி, குழம்பை ஊற்றிப் பிசைந்து, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, உருண்டை உருண்டையாக மாற்றி மாற்றி ஊட்டினாள். பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டும் வெட்கப்பட்டுச் சிரித்தன. மாலை சிரித்து அவள் அதுவரை பார்க்கவில்லை. காலையில் ஊட்டிவிட்டு அளத்துக்குப் போனாள். வெயில் உச்சியில் ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடினாள். சாயந்தரம் வந்து ஊட்டினாள். பதினோரு நாள் கழித்து முத்து பதினைந்து, மாலை ஒன்பது. முத்துவின் கால் வீக்கம் வடிந்திருந்தது. ஜெபக்கனி தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விட்டுராத," என்று மட்டும் சொன்னாள்.

ஊர் இதை விரும்பவில்லை. தேறி வந்த பிள்ளையைத் தாயே குறைக்கிறாள் என்று குழாயடியில் பேசினார்கள். பலவேசத்தை லாரிக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்டார்கள். அவன் மனைவியிடம் கேட்டான். அவள் கொடியைப் பற்றி, இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்பதைப் பற்றி, நடுவில் அடைக்க வேண்டும் என்பதைப் பற்றி, ஜெபக்கனி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான்.

"அப்பத் தூரமா இருந்தா கொடி அறுந்துரும்லா," என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. அவள் பாத்தியில் நின்றபோது முத்து வரப்பில் ஓடிவந்தாள். பாதி வழியில் உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து வந்தாள். பேச்சு வருவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. "எம்மா, அப்பா அவளைக் கூட்டிட்டுப் போயிட்டாவ. செந்தூர்க்கனி அத்தை வீட்டுக்கு. என்னைய அனுப்புங்கன்னு சொன்னேன். அவகிட்ட இருந்து எடுத்தது நான்தானே, என்னைய அனுப்புங்கன்னு சொன்னேன்."

செந்தூர்க்கனி பலவேசத்தின் அக்கா. மேற்கே மலையடிவாரத்தில், மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். இசக்கியம்மாள் உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்று நின்றவளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "முத்துவைப் பாரு மதினி, இப்பவே மூச்சு சீரா விடுதா. ஒரு வாரம் பொறு. எங்க போயிட்டா, சொந்த அத்தை வீட்டுலதானே இருக்கா." முத்து உண்மையில் கொஞ்சம் சீராகத்தான் மூச்சு விட்டாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் படியேறிப் பள்ளிக்கூடம் போனாள். பலவேசம் திரும்பி வந்து, அக்கா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றான். இசக்கியம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள். அளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள்; வியாழனும் நினைத்தாள்; வெள்ளியும் நினைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் முத்து வாசலில் நின்றுகொண்டிருந்தவள், வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, உதடு வெளுத்து, நகம் வெளுத்து, உள்ளேயிருந்து யாரோ இழுப்பதுபோல முன்னால் சாய்ந்தாள். ஜெபக்கனி வந்து காலைத் தூக்கி வைத்து, ஒரு கை நாடியை விடாமல் பிடித்தபடி, "ஒருத்தி போனா இப்படித்தான் இழுக்கும், மத்தவ ரத்தம் அங்க ஓடப் பார்க்கும்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பலவேசத்தின் போன் அப்புறம்தான் அடித்தது. இசக்கியம்மாளுக்கு அது தேவைப்படவில்லை.

முத்து பிழைத்தாள். அவளை ஜெபக்கனியிடம் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் போய், மலையடிவாரத்திலேயே மாலையை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். குழி சின்னதாகப் போதும் என்று வெட்டியவர் சொன்னார். நீளமாக வெட்டுங்கள் என்றாள் இசக்கியம்மாள். அடுத்த வாரம் முத்துவைத் தராசில் நிறுத்தியபோது இருபத்து நாலு கிலோ இருந்தது. சந்தனமாரி பழையபடி நாற்பத்தொரு பேருக்குச் சமைத்தாள். பதிவேட்டில் திருத்தம் தேவைப்படவில்லை என்பதில் ஹெட்மாஸ்டருக்கு நிம்மதி. எல்லோரும் அவளை மறுபடியும் முத்துமாலை என்று கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை, பேசவும் இல்லை.

பதினாறாம் நாள் சாயந்தரம் நாலு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பலவேசம் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். இசக்கியம்மாள் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"எம்மா," என்றது பிள்ளை. "அத்தை ஊருல பஸ் நிக்கிற இடத்துல ஒரு புளியமரம் உண்டு."

முத்து அந்த ஊருக்குப் போனதே கிடையாது. இசக்கியம்மாளின் கையில் சீப்பு நின்றது.

"சொல்லு மக்கா."

"அத்தை அடிக்கலை. முத நாளு சோறு போட்டா. மறுநாளு மறந்துட்டா. நான் கேக்கல. கேட்டா வந்தவதானேன்னு சொல்லுவாவன்னு கேக்கல."

பலவேசம் பீடியைக் கீழே போட்டு எழுந்தான். "உக்காருங்க," என்றாள் இசக்கியம்மாள், குரலை உயர்த்தாமல். அவன் நின்றான். "உக்காந்து கேளுங்க. ஊருல முடிவு சொன்னீங்கல்லா, இதையும் கேளுங்க." அவன் உட்கார்ந்தான். குடத்தை எடுத்துக்கொண்டு நகரப்போன பெண்களைப் பார்த்து, "நீங்களும் நில்லுங்க மதினி," என்றாள். அவர்கள் நின்றார்கள். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்தாள்.

"சொல்லு மக்கா. மெதுவாச் சொல்லு."

"தினமும் புளியமரத்தடிக்குப் போயி உக்காந்தேன். வெள்ளிக்கிழமை நடக்க முடியல, பிடிச்சுப் பிடிச்சுப் போனேன். அளத்துக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு, அம்மா அன்னைக்குத்தான் வருவான்னு தெரியும். தெரிஞ்சாலும், ஒருவேளை வந்துட்டா, நான் அங்க இல்லைன்னா நீ தேடுவல்லா."

"அப்புறம்?"

"சனிக்கிழமை மத்தியான பஸ்ஸுல இருந்து ஒரு பொம்பளை இறங்கினா. உன் பச்சைச் சேலை மாதிரியே சேலை. முகம் தெரியல, வெயிலு. நான் எந்திரிச்சு ஓடினேன்."

"அப்புறம்?" என்றாள் இசக்கியம்மாள்.

"அது நீ இல்லம்மா."